மேற்குக் கறுப்புக் காண்டாமிருகமும் ஒரு கலியாணக் கார்டும்

அந்தக் காண்டாமிருகம் எங்கள் குடும்பக் குழுவில் இதுவரை ஆறேழு தரம் செத்துவிட்டது. வருடத்துக்கு ஒரு தரம், சில வருடம் இரண்டு தரம். "உலகின் கடைசிக் கறுப்புக் காண்டாமிருகமும் இன்று மறைந்தது, மனிதா நீ வெட்கப்படு" என்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்து விழும். கீழே ஒரு படம். நிலத்தில் பெரிய மிருகம் ஒன்று படுத்துக் கிடக்கும். சீருடை போட்ட காவல்காரர் ஒருவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பார். உடனே ரொறன்ரோவில் இருந்து ஒருத்தி அழுகிற முகம் போடுவாள். லண்டனில் இருந்து ஒருவர் கும்பிடுகிற கை போடுவார். யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்கள் சித்தப்பா "ஓம் சாந்தி" என்று எழுதுவார். காண்டாமிருகத்துக்கு!

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடனே இருந்து எழுதுவேன்: இது பழைய செய்தி, படமும் பிழை, மற்றக் காண்டாமிருகங்கள் உயிரோடு இருக்கின்றன, தயவுசெய்து வாசித்துவிட்டு அனுப்புங்கள். ஒருவரும் பதில் போடமாட்டார்கள். குழுவில் எனக்குப் பட்டப்பெயர் "பிழை பிடிக்கிற பெரியம்மா". என்ரை மனுசன் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "அது செத்தால் உமக்கென்ன, இருந்தால் உமக்கென்ன? சும்மா இருமப்பா" என்பார். சும்மா இருக்க எனக்கு எப்போதுமே வராது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் ஒஸ்லோவில் ஒரு நூதனசாலையில் வேலை செய்கிறேன். முதல் ஒன்பது வருடம் துப்புரவு வேலை. முழங்கால் ஏலாமல் போனபிறகு, மண்டபத்தில் நின்று சனத்தைப் பார்த்துக்கொள்ளுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மண்டபத்தில் பாடம் செய்த காண்டாமிருகம் ஒன்று கண்ணாடிக்குள் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் கண்ணாடியெல்லாம் கை அடையாளமாய் இருக்கும். எத்தனை வருடம் அதன் மூக்குக்கு நேரே நின்று துடைத்திருப்பேன். வீட்டில் உள்ளவர்களின் முகத்தைவிட அந்த முகத்தைத்தான் கூடக் கிட்டப் பார்த்திருக்கிறேன்.

அதைப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் வந்து, "இதுதானே கடைசியாய்ச் செத்தது?" என்று கேட்பார்கள். எங்கள் ஆக்களை மட்டும் குறை சொல்லக்கூடாது, நோர்வேக்காரரும் அப்படித்தான். நல்ல படித்த மனிதர் ஒருவர் தன் மகளிடம், "உலகத்திலை இனி ஒரு காண்டாமிருகமும் இல்லை, நல்லாய்ப் பார்" என்று சொல்ல, அந்தப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது. நான் ஓடிப்போய், "இருக்கு, இருக்கு, இன்னும் கனக்க இருக்கு" என்றேன். தகப்பனுக்கு என்மேல் கோபம்.

மிருகங்களைப் பற்றி அங்கே ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மா மத்தியானத்தில் என்னோடுதான் இருந்து பாண் சாப்பிடுவார். அவர்தான் எனக்குப் பொறுமையாய் விளங்கப்படுத்தினவர். கறுப்புக் காண்டாமிருகம், வெள்ளைக் காண்டாமிருகம் என்று ஆபிரிக்காவில் இரண்டு இனம். பெயர்தான் கறுப்பும் வெள்ளையும். இரண்டும் சாம்பல் நிறம். கறுப்பில் மேற்கு ஆபிரிக்காவில் திரிந்த ஒரு கிளை இனம் அடியோடு அழிந்துவிட்டது. அதை 2011 இல் அறிவித்தார்கள். கறுப்பின் மற்றக் கிளைகள் கிழக்கிலும் தெற்கிலும் இப்போதும் மேய்கின்றன. படத்தில் காவல்காரர் தடவிக்கொடுக்கிற மிருகம் கறுப்பே இல்லை. அது வடக்கு வெள்ளை. அந்தக் கிளையின் கடைசி ஆண், 2018 இல் கென்யாவில் செத்தது. மிச்சம் இரண்டு பெண்தான். ஒரு தாயும் அதன் மகளும். இந்த இரண்டு சாவையும் சனம் ஒன்றாக்கி, ஒன்றின் பெயரை மற்றதன் படத்துக்குக் கீழே எழுதி, வருடா வருடம் புதுச் சாவாக அனுப்பிக்கொண்டிருக்கிறது.

"அந்தக் கடைசி மேற்குக் கறுப்பு செத்ததை ஆர் கண்டது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருவரும் காணவில்லை" என்றார். கமரூன் காட்டில் தேடினார்களாம். மாதக்கணக்காய் நடந்தார்களாம். நடுவில் சிலர், காலடி கண்டோம், இன்னும் இருக்கிறது என்று சொன்னார்களாம். கடைசியில் பார்த்தால், தேடுகிற வேலை நின்றுபோகக்கூடாதென்று அவர்களே உண்டாக்கிய காலடிகளாம். பிறகு கடைசியாகக் கண்டதில் இருந்து பல வருடம் காத்திருந்து, இனி இல்லை என்று எழுதினார்களாம்.

"எழுதினபிறகு பத்தைக்குள்ளை இருந்து ஒண்டு வெளிக்கிட்டு வந்தால்?"

"சந்தோஷமாய் அழித்துவிட்டுத் திருத்தி எழுதுவோம்" என்று சிரித்தார். பிறகு பாணை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "ஆனால் வராது" என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. தேடுவது, காத்திருப்பது, பிறகு எழுதிவிடுவது. நேர்மையான வழி என்று நினைத்தேன். யாரை மனதில் வைத்து நினைத்தேன் என்பதை அந்த அம்மாவுக்கு நான் சொல்லவில்லை.

என் தங்கச்சி ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறாள். யுத்தம் முடிந்த அந்த வைகாசியில் அவளும் அவளின் மனுசனும் மகளுமாகச் சனத்தோடு சனமாய் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. தண்ணீர் விடாய்க்குது என்று அழுதிருக்கிறாள். "நில்லுங்கோ, தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று வெறும் போத்தலோடு அவர் திரும்பி நடந்தார். அவ்வளவுதான். இவர்கள் நின்றார்கள். பின்னால் வந்த சனம் தள்ள, தள்ள, எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்க முடியும்? நிற்க முடியாமல் நகர்ந்ததைத்தான் அவள் இன்றைக்கும் தன்னில் பிழையாகச் சொல்லுவாள். முகாமில் இருந்து வெளியே வந்து மூன்று வருடம் கழித்து, மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள்.

இங்கே வந்த நாளில் இருந்து அவளின் கடிதம், படிவம் எல்லாம் நான்தான் நிரப்புவேன். ஒவ்வொரு படிவத்திலும் ஒரு இடம் வரும்: மணமானவரா, பிரிந்தவரா, கணவனை இழந்தவரா. பேனையோடு நான் அவளின் முகத்தைப் பார்ப்பேன். அவள் கண்ணை எடுக்காமல், "கலியாணம் முடிச்சது எண்டு போடுங்கோ" என்பாள். மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று ஊரில் இருந்து சொன்னபோது, ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நான் சொன்னதல்ல அது, ஆனாலும் என்னோடுதான் கதைக்கவில்லை.

அவரின் படம் அவளின் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. மாலை இல்லை, விளக்கு இல்லை, பொட்டு இல்லை. எங்கள் வீடுகளில் மாலை போட்ட படம் என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். ஒருமுறை, நாங்கள் இருக்கிற பியோர்ண்டாலில் பக்கத்து வீட்டுக்காரி, பாவம் நல்ல மனுசி, கோயிலால் வரும்போது அவளிடம் போனவள், கையில் இருந்த மாலையைப் படத்துக்குப் போடப் போய்விட்டாள். தங்கச்சி எழும்பிப்போய் அந்தக் கையைப் பிடித்துவிட்டாளாம். திவசம் இல்லை. அவரின் பிறந்தநாளுக்கு மட்டும் ஒடியல் கூழ் காய்ச்சுவாள். இடைக்கிடை யாராவது ஒருவர், இன்ன முகாமில் அவரைப் போல ஒருவரைக் கண்டதாம் என்று எங்கிருந்தோ கதை கொண்டுவருவார். அவள் இரண்டு நாள் பசியில்லாமல் திரிவாள். கமரூன் காட்டில் அந்தக் காலடிகளை உண்டாக்கினவர்களைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று எனக்கு அவ்வளவு கோபம் வந்தது இதனால்தான்.

தங்கச்சியின் மகளுக்கு, என் பெறாமகளுக்கு, கலியாணம் சரிவந்தது. பெடியன் துரொண்ட்ஹெய்மில் படித்து அங்கேயே வேலை செய்கிறவன், தாய் தகப்பனும் அங்கேதான். நல்ல சனம். எங்கள் பக்கத்தில் கலியாணமோ சாமத்தியமோ செத்தவீடோ, கார்ட்டுக்கும் அறிவித்தலுக்கும் வசனம் எழுதுவது எப்போதும் நான்தான். வழமையான வசனம் ஒன்று இருக்கிறது: திரு. திருமதி இன்னார் தம்பதிகளின் ஏக புத்திரி. தாய் தகப்பனில் ஒருவர் இல்லையென்றால் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடுவோம். சனம் கார்ட்டைக் கையில் எடுத்தவுடன் முதலில் பார்ப்பது அதைத்தான். யார் இருக்கிறார், யார் இல்லை.

"திரு திருமதி எண்டே போடுங்கோ அக்கா" என்றாள் தங்கச்சி.

"எடியே, பிறகு மணவறையிலை ஆர் வந்து நிக்கிறது? தகப்பன் எங்கையெண்டு சனம் கேக்காதோ?"

"கேக்கட்டும். வரேல்லை எண்டு சொல்லுங்கோ. வரேல்லைதானே."

நான் ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சம்பந்தி அம்மா துரொண்ட்ஹெய்மில் இருந்து ரெலிபோன் எடுத்தார். தேன் ஒழுகுகிற குரல். "குறை நினையாதையுங்கோ அக்கா. எங்கடை பக்கத்திலை வயசுபோன ஆக்கள் இருக்கினம். தகப்பன் இருக்கிறாரெண்டு போட்டிட்டு ஆள் நிக்காட்டி, விட்டிட்டுப் போட்டார் எண்டெல்லே கதைக்கப் போகினம்." அது எனக்குச் சுருக்கென்றது. என் தங்கச்சியை விட்டுவிட்டுப் போகிற மனிதனா அவர்? தண்ணீர் எடுக்கப் போன மனிதன்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கணினியில் இருந்து அதை மாற்றினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, கை தவறியும் நடக்கவில்லை. தேடியாயிற்று, காத்திருந்தாயிற்று, இனி எழுதலாம் என்று எனக்கு நானே நீதவான் மாதிரித் தீர்ப்புச் சொன்னேன். அவளுக்கும் ஒரு முடிவு வேண்டும், இப்படியே எத்தனை படிவத்தில் எத்தனை தரம் அவளின் முகத்தைப் பார்ப்பது என்று நினைத்தேன். அவளில் உள்ள பாசத்தில்தான் செய்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை. உண்மை தெரிந்தும் ஒருவரும் சொல்லாமல் இருப்பதைப் பொறுக்கமாட்டாத என் சீத்துவக்கேடான குணமும் அதில் இருந்தது. "காலஞ்சென்ற" என்று ஒரு சொல். அச்சடிக்க முதல் பார்க்கச் சொல்லிச் சம்பந்திக்கு அனுப்பினேன். கார்ட் கைக்கு வந்தபிறகு தங்கச்சியிடம் ஆறுதலாய்ச் சொல்லலாம் என்று இருந்தேன்.

சம்பந்தி அம்மாவுக்குக் கார்ட் நன்றாகப் பிடித்துவிட்டது. அடுத்தநாள் காலையில் தன்னுடைய சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். அது ஒரு மணித்தியாலத்தில் எங்கள் குழுவுக்கும் வந்துவிட்டது. நான் வேலையில். கைப்பேசி உடுப்பு மாற்றுகிற அறையில், அலுமாரிக்குள். நான் காண்டாமிருகத்துக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடியைத் தொடவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து கைப்பேசியை எடுத்தால், எண்ணமுடியாத அழைப்புகள். லண்டனில் இருக்கிற மச்சாள் முதலில் பிடித்துக்கொண்டாள்.

"ஏனடியப்பா எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை? எப்ப அறிஞ்சனீங்கள்?"

"எதை?"

"அவர் போயிட்டாரெண்டு. எலும்பு கிலும்பு ஏதும் கிடைச்சதோ?"

குழுவைத் திறந்தேன். "காலஞ்சென்ற" என்ற அந்த ஒரு சொல்லைச் சிவப்பு வட்டம் போட்டு யாரோ அனுப்பியிருந்தார்கள். கீழே அழுகிற முகங்கள், கும்பிடுகிற கைகள். பதினாறு வருடமாய்க் காணாத மனிதன் அன்றைக்குக் காலையில்தான் செத்தமாதிரி எல்லோரும் துக்கம் விசாரித்திருந்தார்கள். ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் ஒன்றுவிட்ட தம்பி, யார் செத்தாலும் முதல் ஆளாய்ப் படம் செய்து அனுப்புகிறவன், கண்ணீர் அஞ்சலி ஒன்று செய்து போட்டிருந்தான். இரண்டு பக்கமும் மெழுகுதிரி, நடுவில் படம். அந்தப் படத்தில் இருந்தவர் தங்கச்சியின் மனுசனே இல்லை. பாரிசில் இருக்கிற அவரின் தம்பி! பழைய கலியாண அல்பம் ஒன்றில் இருந்து வெட்டி எடுத்திருக்கிறான், அவசரக்குடுக்கை. அண்ணனும் தம்பியும் ஒரே சாடை.

அதைப் பார்த்தவுடன், கடவுளே, எனக்குச் சிரிப்பு வந்தது. வருடக்கணக்காய் நான் திருத்தித் திருத்தி எழுதியது இதைத்தான். பழைய சாவு, பிழையான படம். இந்தமுறை அதைத் தொடக்கிவிட்டது நான். சிரிப்பு அடங்க முதலே ரயிலுக்கு ஓடினேன்.

லில்லெஸ்ட்ரோமில் பெறாமகள்தான் கதவைத் திறந்தாள். என்னை உள்ளே விடாமல் வாசலிலேயே நின்றாள்.

"நீங்கள் ஆர் பெரியம்மா அதை முடிவெடுக்க?"

அவள் என்னோடு அப்படிக் கதைத்ததே இல்லை. பிறகு அவளே என் கையைப் பிடித்து அங்கேயே சப்பாத்துப் போடுகிற வாங்கில் இருத்தி, குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னாள். அன்றைக்கு அவள் வீட்டில் இருந்து வேலை செய்திருக்கிறாள், எல்லாம் கண்முன்னால் நடந்தது.

காலையில் இருந்து துக்கம் விசாரித்து எடுத்த ஒவ்வொருவருக்கும் தங்கச்சி, "இல்லை, அப்பிடி ஒண்டும் இல்லை, கார்ட்டிலை பிழை விட்டிட்டினம்" என்று பொறுமையாய்ச் சொல்லியிருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பதினொரு மணிபோல ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டு நிற்க, தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. கை முழுக்க மா. விரல் முட்டியால் தட்டி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ" என்றது ஒரு ஆண் குரல். "பயப்பிடாதையுங்கோ. நான் சாகேல்லை. நான் உயிரோடைதான் இருக்கிறன்."

அது பாரிசில் இருக்கிற தம்பி. கண்ணீர் அஞ்சலியில் தன்னுடைய முகத்தைக் கண்டுவிட்டு, வேலைத்தல ரெலிபோனில் இருந்து பகிடியும் பதற்றமுமாய் எடுத்திருக்கிறார். அண்ணனின் அதே குரல் அவருக்கு. நாங்கள் எல்லோரும் சொல்லுகிறதுதான். அந்தக் காலத்தில் ரெலிபோனில் இரண்டு பேரையும் பிரித்தறிய மாட்டோம்.

"அம்மா அப்பிடியே நிண்டவ, பெரியம்மா" என்றாள் பெறாமகள். "பிறகு கேட்டவ, எங்கை நிக்கிறியள் எண்டு. நல்ல சாதாரணமாய்க் கேட்டவ, கடைக்குப் போன ஆளைக் கேக்கிறமாதிரி. பிறகு, நாங்கள் அந்த இடத்திலை இல்லை, நிண்டு பாத்தனாங்கள், ஏலாமல் போச்சு, இப்ப நோர்வேயிலை நிக்கிறம், விலாசம் சொல்லுறன் எழுதுங்கோ எண்டு… வீட்டு இலக்கம், தெரு, போஸ்ட் நம்பர் எல்லாம் சொன்னவ. சித்தப்பா இடையிலை மறிக்கேல்லை. அம்மா முழுக்கச் சொல்லி முடிய, எழுதினியளோ எண்டு கேட்டவ. அப்பதான் அவர், அண்ணி, நான் சின்னவன் எண்டார்."

ஐயோ என்று வாய்விட்டு அழுதேன். என்னுடைய இந்தக் கையை வெட்டிப்போடவேண்டும் என்று இருந்தது.

குசினிக்குள் போனபோது தங்கச்சி காலையில் குழைத்த மாவை அப்போதுதான் ரொட்டியாய்ச் சுட்டுக்கொண்டு நின்றாள். கழுவாத மா மணிக்கட்டில் காய்ந்திருந்தது. அவள் கத்தியிருந்தால், இரண்டு அடி அடித்திருந்தால், எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். திரும்பிப் பார்த்து, "கார்ட்டை மாத்துங்கோ அக்கா" என்றாள். பிறகு எனக்கும் ஒரு ரொட்டி வைத்தாள்.

கார்ட்டை மாற்றினேன். குழுவில் நீளமாய் எழுதினேன்: பிழை என்னுடையது, அவரைப் பற்றி எந்தப் புதுச் செய்தியும் இல்லை, படத்தில் இருப்பவர் அவர் அல்ல, தயவுசெய்து அந்த அஞ்சலியை அழித்துவிடுங்கள். இரண்டே இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அஞ்சலிப் படம் அதற்கிடையில் அவுஸ்திரேலியா வரை போய்விட்டது.

கலியாணம் வடிவாய் நடந்தது. திரு. திருமதி என்று அடித்த கார்ட்டோடுதான் சனம் வந்தது. நானும் என்ரை மனுசனும் நின்று தாரை வார்த்துக் கொடுத்தோம். தங்கச்சி பொட்டும் தாலியுமாய் முன் கதிரையில் இருந்தாள். சம்பந்தி அம்மா அவளின் கையைப் பிடித்தபடியே இருந்தார், அது அவருடைய நல்ல குணம். எவராவது தகப்பன் எங்கே என்று கேட்டார்களோ தெரியாது. கேட்டால் சொல்லுவதற்கு "வரேல்லை" என்பதை நான் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் திரிந்தேன்.

பெறாமகள் துரொண்ட்ஹெய்முக்குப் போய்ச் சில வாரம் கழித்து, தங்கச்சி ஒரு படிவத்தோடு வந்தாள். தனி ஆளாகிவிட்டாள், வீட்டு வாடகை உதவிக்கான படிவம். அந்த இடம் வந்தது. நான் இந்தமுறை அவளின் முகத்தைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. கலியாணம் முடித்தவர் என்ற கட்டத்துக்குப் பேனையைக் கொண்டுபோனேன். அவள் என் கையின்மேல் கையை வைத்தாள்.

"அது இல்லை அக்கா. மற்றதிலை போடுங்கோ."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அவ்வளவு வரியமும் எனக்கு அவர் வராமல்தான் இருந்தவர். சாகேல்லை. அண்டைக்குத்தான், ரொட்டிக்கு மாக் குழைக்கேக்கை, அவர் வந்தவர் அக்கா. என்னோடை கதைச்சவர். பிறகு அந்த இடத்திலையே போயிட்டார்." பேனையை என் கையில் இருந்து எடுத்து, தானே அந்தக் கட்டத்தில் புள்ளடி போட்டாள். "திவசத்துக்குத் திதி வேணுமெண்டு ஐயர் கேப்பார். அந்த நாளைச் சொல்லுங்கோ."

பிழையான நாள் என்று எனக்குத் தெரியும். அவர் போனது அந்த வைகாசியில். அதைத் திருத்துகிற துணிவு எனக்கு வரவில்லை, இனிமேலும் வராது.

ஒரு வருடம் ஓடியது. ரொறன்ரோத் தம்பி மறக்கவில்லை. அவன் எதைத்தான் மறப்பான்! "முதலாம் ஆண்டு நினைவஞ்சலி" என்று அதே மெழுகுதிரிகளோடு, அதே பிழையான படத்தோடு, அனுப்பிவிட்டான். ஒரு வருடத்துக்கு முதல் செத்தவராம். இனி வருடா வருடம் இது வரும், காண்டாமிருகம் வருவதுபோல. நான் வழமைபோலக் கோபத்தோடு எழுதத் தொடங்கினேன்: நாளும் பிழை, படமும் பிழை. பிறகு "நாளும் பிழை" என்பதை அழித்தேன். அதற்குள் தங்கச்சி விறாந்தையில் இருந்த படத்தைக் கைப்பேசியில் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள், இதைப் போடுங்கோ அக்கா என்று. போட்டேன்.

அன்றைக்கு லில்லெஸ்ட்ரோமில் திவசம். பெறாமகளும் பெடியனும் வந்திருந்தார்கள். ஐயர் வந்து செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போய்விட்டார். படத்துக்கு மாலை போட்டிருந்தது. பல்கனியில் காகத்துக்கு வைத்த சோற்றை, கழுத்தும் முதுகும் சாம்பலான இந்த ஊர்க் காகம் ஒன்று வந்து பார்த்தது. தங்கச்சி நெற்றியில் திருநீறு மட்டும். எனக்கு அந்த நெற்றியைப் பார்க்க முடியவில்லை, துடைத்த வாழையிலையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சியின் கைப்பேசி அடித்தது. பாரிஸ் இலக்கம். அவள் அகப்பையோடு நின்றபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், தான் எடுக்கமாட்டேன் என்று. அந்த நாளுக்குப் பிறகு அவரோடு அவள் கதைத்ததே இல்லை. நான் எடுத்தேன்.

"அக்கா, நான்தான். எல்லாம் முடிஞ்சுதோ?" என்றார் தம்பி.

"ஓம் தம்பி, இப்பதான் படைச்சு முடிஞ்சுது."

"ஸ்பீக்கரிலை போடுங்கோ" என்று தங்கச்சி வாயை மட்டும் அசைத்தாள்.

போட்டேன். அவருக்குத் தெரியாது அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று. முழங்கால் நோகுதாம், பாரிசில் மூன்று நாளாய் மழையாம், மகன் கார் ஓடப் பழகுகிறானாம். ஒன்றுமில்லாத கதைகள். அந்தக் குரல் குசினி முழுக்க நிறைந்து நின்றது. தங்கச்சி அகப்பையை அப்படியே வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"சரி அக்கா, வைக்கப்போறன், வேலைக்கு நேரமாச்சுது" என்றார் அவர்.

தங்கச்சி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். காதுக்குள் கேட்கும்படி மட்டும் சொன்னாள்.

"ஏதாவது கேளுங்கோ அக்கா. இன்னும் கொஞ்சம் கதைக்கட்டும்."